உடைகளையும் அணிகலன்களையும் ஆங்கிலத்தில் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பவர்களோடு பேசும்போது, உடைகள் என்று வந்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பகுதியில் சொல் தெரியாமல் திணறுபவர்கள் குறைவு. டிரஸ், பேன்ட், ஜாக்கெட், பர்ஸ் என்று பல ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே நம் பேச்சில் இருக்கின்றன. ஆனால் நம்மிடம் வந்து சேர்ந்தபின் அவற்றின் பொருள் நகர்ந்துவிட்டது. நம் பொருளிலேயே அவற்றைத் திரும்ப ஆங்கிலத்தில் போட்டால், கேட்பவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலச் சொற்களையும் வாக்கியங்களையும் ஒலிக்கிறபடி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

துணிக்கு க்ளாத், க்ளாத்ஸ், க்ளோத்ஸ் என்று மூன்று சொல்கிறார்களே, எது சரி?

மூன்றுமே சரியான சொற்கள்தான், பொருள்தான் வேறு. 'க்ளாத்' என்பது நெய்த துணி, தைப்பதற்கு முன்னால் இருப்பது. மேசை துடைக்கிற துணியும் ஒரு 'க்ளாத்'. அப்படிப் பல துணிகள் இருந்தால் 'க்ளாத்ஸ்'. நாம் உடுத்துவது 'க்ளோத்ஸ்'. இதற்கு ஒருமையே கிடையாது. ஒரே ஓர் உடையைச் சொல்ல வேண்டுமானால் 'எ ஷர்ட்', 'எ ஸ்கர்ட்' என்று பெயரைச் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்ல 'எ பீஸ் ஆஃப் க்ளோத்திங்' உண்டு. 'கார்மென்ட்' என்பது தையல் தொழிலிலும் சலவைக் குறிப்புகளிலும் பொருந்தும், வீட்டுப் பேச்சுக்குக் கொஞ்சம் விறைப்பான சொல்.

உச்சரிக்கும்போது 'க்ளோத்தஸ்' என்று இரண்டாக இழுக்க வேண்டாம், ஒரே அசைதான். கதவை மூடச் சொல்லும்போது வருகிற 'க்ளோஸ்' மாதிரி ஒலித்தாலும் பரவாயில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

புதுச் சட்டை வாங்கினாலும் 'நியூ டிரஸ்' என்றுதானே சொல்கிறோம்? அதில் என்ன தப்பு?

தமிழில் பேசும்போது தப்பே இல்லை. ஆங்கிலத்தில் 'எ டிரஸ்' என்றால் பெண்கள் அணிகிற, மேலும் கீழும் ஒன்றாகச் சேர்ந்த உடை. கவுன் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அது. ஓர் ஆண் 'ஐ பாட் எ நியூ டிரஸ்' என்றால், மனைவிக்கோ மகளுக்கோ வாங்கியிருக்கிறார் என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'ஐ பாட் சம் நியூ க்ளோத்ஸ்' என்று சொன்னால் யாருக்கும் பொருந்தும்.

'எ' இல்லாமல் 'டிரஸ்' வரும்போது பொதுவான உடை என்ற பொருள் வரும்: 'டிரஸ் கோட்' (எதை உடுத்தலாம் என்ற விதி), 'ஈவினிங் டிரஸ்'. 'ஃபேன்ஸி டிரஸ்' என்பதைக் கவனியுங்கள். நாம் அலங்காரமான உடைக்கு ஃபேன்ஸி என்போம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஃபேன்ஸி டிரஸ்' என்றால் மாறுவேடம்.

ஒரு பேன்ட்தானே? அதை ஏன் பேன்ட்ஸ் என்று பன்மையில் சொல்ல வேண்டும்?

இரண்டு கால் உள்ள உடைகள் ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை. 'ட்ரௌசர்ஸ்', 'ஜீன்ஸ்', 'ஷார்ட்ஸ்', 'பைஜாமாஸ்' எல்லாம் இந்தக் கூட்டம்தான். இரண்டு கண்ணாடி உள்ள 'கிளாஸஸ்' இதோடு சேரும். வினையும் அதற்கேற்ப மாறும்: 'மை ஜீன்ஸ் ஆர் டர்ட்டி', 'வேர் ஆர் மை கிளாஸஸ்?' எண்ணிச் சொல்ல வேண்டுமானால் 'எ பேர் ஆஃப் ஜீன்ஸ்', 'டூ பேர்ஸ் ஆஃப் ஜீன்ஸ்'.

செருப்பு, காலுறை, கையுறை, தோடு ஆகியவை இந்த விதிக்குள் வராது. அவை உண்மையிலேயே தனித்தனியாக இருப்பதால் ஒருமையும் உண்டு. ஒற்றைத் தோடு தொலைந்தால் 'ஐ லாஸ்ட் அன் இயரிங்'.

'வேர்', 'புட் ஆன்', 'டிரஸ்', எல்லாமே போடுவதுதானே? எதை எங்கே சொல்வது?

என்னிடம் வருகிற கேள்விகளில் மிகவும் பயனுள்ளது இதுதான் என்று நினைக்கிறேன். இந்த வினைகள் கைவந்துவிட்டால், பெயர் தெரியாத உடையைக்கூடச் சுட்டிக்காட்டிப் பேசிவிடலாம். 'புட் ஆன்' என்பது போடுகிற செயல். கை நுழைப்பது, பொத்தான் மாட்டுவது, அவ்வளவோடு முடிந்துவிடும். 'வேர்' என்பது போட்டுக்கொண்டிருக்கிற நிலை. சட்டையை மாட்டி முடித்து வெளியே வந்தவரைப் பார்த்து 'ஹி இஸ் புட்டிங் ஆன் எ ப்ளூ ஷர்ட்' என்றால், அவர் இன்னும் கையை நுழைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகும். 'ஹி இஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்' என்பதே சரி. தமிழில் 'போட்டிருக்கிறார்', 'போடுகிறார்' என்று நாம் பிரிக்கிற அதே பிரிவுதான்.

நாம் சட்டை போடுவோம், மோதிரம் அணிவோம், பூ வைப்போம், கடிகாரம் கட்டுவோம், செருப்பு மாட்டுவோம். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'வேர்' ஒன்றே போதும். கண்ணாடி, வாசனைத் திரவியம், முகப்பூச்சு, தாடி வரைக்கும் 'வேர்' வரும். இறந்தகாலம் 'வோர்', முடிந்த வடிவம் 'வோர்ன்'. 'வோர்ன் அவுட்' என்றால் உழைத்துத் தேய்ந்துபோனது.

கழற்றுவது 'டேக் ஆஃப்'. அளவு பார்க்கப் போட்டுப்பார்ப்பது 'ட்ரை ஆன்'. தயாராகி உடை உடுத்திக்கொள்வது 'கெட் டிரஸ்டு'. விசேஷத்துக்கு நன்றாக உடுத்துவது 'டிரஸ் அப்'. உடை மாற்றுவதற்கு 'சேஞ்ச்' என்ற ஒரு சொல்லே போதும், 'சேஞ்ச் மை டிரஸ்' என்று நீட்ட வேண்டியதில்லை.

ஃபிட், சூட், மேட்ச், மூன்றும் பொருந்துவதுதானே?

தமிழில் மூன்றுக்கும் 'பொருந்துகிறது' என்று சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் இது. 'ஃபிட்' அளவைப் பற்றியது, உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்பது. 'சூட்' தோற்றத்தைப் பற்றியது, அந்த ஆளுக்கு எடுப்பாக இருக்கிறதா என்பது. 'மேட்ச்' என்றால் இரண்டு பொருள்களுக்குள் நிறமோ வடிவமோ ஒத்துப்போவது. 'இட் ஃபிட்ஸ் மி, பட் இட் டஸன்ட் சூட் மி' என்றால் அளவு சரி, ஆனால் எனக்கு எடுக்கவில்லை.

ஒரே நிறமாக இல்லாமல் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்பதற்கு 'கோ வித்' என்று சொல்ல வேண்டும். கறுப்புக் காலணியும் சாம்பல் நிற ட்ரௌசர்ஸும் 'மேட்ச்' ஆகாது, ஆனால் 'தே கோ வெல் டுகெதர்'.

நிறத்தைச் சொல்லும்போது 'ப்ளூ கலர் ஷர்ட்' என்று சொல்லலாமா?

'கலர்' வேண்டாம். 'எ ப்ளூ ஷர்ட்' போதும். நீலம் என்பது நிறம்தான் என்று கேட்பவருக்குத் தெரியும். நிறத்தின் அழுத்தத்துக்கு 'லைட்', 'டார்க்', 'பேல்', 'ப்ரைட்' ஆகிய நான்கும் நிறைய வேலை செய்யும். 'பேல்' என்றால் வெளிறிய, 'ப்ரைட்' என்றால் பளிச்சென்ற. ஒரு நிறம் முழுதாக இல்லாமல் சாயலாக மட்டும் இருந்தால் 'கிரீனிஷ்', 'ரெடிஷ்' என்று வால் சேர்க்கலாம்.

நாம் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்கிற சில நிறப் பெயர்கள் வெளியே புரியாது. 'சாண்டல் கலர்' என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது காலில் போடுகிற சாண்டல். சந்தன நிறத்துக்கு 'க்ரீம்' அல்லது 'பேஷ்' என்று சொல்லுங்கள். 'ஆஷ் கலர்' என்பதற்கு 'கிரே'. ரோஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 'பிங்க்'. அரக்கு நிறத்துக்கு 'மரூன்' நெருக்கமாக வரும். மயில் கழுத்து நிறம்தான் அழகான கேள்வி. நெடுக்கே ஓடுகிற பாவு இழை ஒரு நிறமும் குறுக்கே ஓடுகிற ஊடை இழை ஒரு நிறமுமாக நெய்து, அசைக்கும்போது நிறம் மாறித் தெரிகிற பட்டு அது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஷாட் சில்க்' என்றே பெயர் இருக்கிறது. 'ப்ளூ அண்ட் கிரீன் ஷாட் சில்க்' என்றால் துணி தெரிந்தவருக்கு உடனே விளங்கும்.

கட்டம் போட்டது, கோடு போட்டது, பூப்போட்டது, இதெல்லாம் எப்படி?

கட்டம் போட்ட சட்டை 'எ செக்டு ஷர்ட்'. ஸ்காட்லாந்து பாணியில் பல நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் அமெரிக்கர்கள் 'பிளாட்' என்பார்கள். கோடு போட்டது 'ஸ்ட்ரைப்டு', மிக மெல்லிய கோடுகளாக இருந்தால் 'பின்ஸ்ட்ரைப்'. பூப்போட்டது 'ஃப்ளோரல்'. புள்ளி போட்டது 'போல்கா டாட்'. ஒன்றும் இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் 'ப்ளெயின்'. ஊசியால் பூவேலை செய்திருந்தால் 'எம்ப்ராய்டர்டு', அச்சிட்டிருந்தால் 'பிரின்டட்'.

மாங்காய் வடிவத்துக்கு 'பேஸ்லி' என்று பெயர். பேஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊர். காஷ்மீரச் சால்வைகளைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஏராளமாக நெய்தார்கள். வடிவம் இங்கிருந்து போனது, ஆங்கிலப் பெயர் அந்த ஊருடையது.

முழுக்கை சட்டைக்கு 'ஃபுல் ஹேண்ட்' என்கிறோமே? அப்புறம் 'இன் பண்ணு' என்பதற்கு என்ன?

'ஹேண்ட்' என்பது மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை. சட்டைக்கையின் பெயர் 'ஸ்லீவ்'. எனவே 'லாங்-ஸ்லீவ்டு', 'ஷார்ட்-ஸ்லீவ்டு', கையே இல்லாவிட்டால் 'ஸ்லீவ்லெஸ்'. 'இன் பண்ணு' என்பதற்கு 'டக் இன் யுவர் ஷர்ட்'. கையை மடித்துவிடுவது 'ரோல் அப்'.

கழுத்துக்கு, வட்டமாக இருந்தால் 'ரவுண்ட் நெக்' அல்லது 'க்ரூ நெக்', கூராக இறங்கினால் 'வி-நெக்'. கழுத்தை முழுவதும் மூடி மடிந்திருப்பதைப் பிரிட்டனில் 'போலோ நெக்', அமெரிக்காவில் 'டர்ட்டில்நெக்' என்பார்கள். கைமுனைப் பட்டை 'கஃப்', கீழே மடித்துத் தைத்த ஓரம் 'ஹெம்', இரண்டு துண்டுகளை இணைக்கும் தையல் 'சீம்', உள்துணி 'லைனிங்'. தையல்காரரிடம் பேச இந்த நான்கும் கட்டாயம் வேண்டும்.

கோட், ஜாக்கெட், ப்ளேசர், சூட், நாலும் ஒன்றுதானா?

இல்லை. ஒரே துணியில் தைத்த மேல்சட்டையும் ட்ரௌசர்ஸும் சேர்ந்தால் 'சூட்'. அதன் மேல்பாகம் மட்டும் 'ஜாக்கெட்'. ஜோடி ட்ரௌசர்ஸ் இல்லாமல் தனியாக விற்கிற, எதனுடனும் போடக்கூடிய மேல்சட்டை 'ப்ளேசர்'. குளிருக்காக எல்லாவற்றுக்கும் மேலே போடுகிற நீளமான உடை 'கோட்'. நாம் 'கோட் சூட்' என்று சேர்த்துச் சொல்வது ஆங்கிலத்தில் 'சூட்' மட்டும்தான்.

புடவைக்குப் போடுகிற ஜாக்கெட்டை ஆங்கிலத்தில் ஜாக்கெட் என்று சொன்னால் புரியாது. 'ப்ளௌஸ்' என்று மட்டும் சொன்னால் பெண்களின் மெல்லிய சட்டையை நினைப்பார்கள். 'சாரி ப்ளௌஸ்' என்று முழுதாகச் சொல்வது நல்லது.

கூலிங் கிளாஸ், பர்ஸ், கர்ச்சீஃப் எல்லாம் ஆங்கிலம்தானே, அப்படியே சொல்லலாம்தானே?

அப்படியே சொன்னால் இடறும். கூலிங் கிளாஸ் 'சன்கிளாஸஸ்'. முன்பு பேன்ட் பற்றிச் சொன்ன பன்மை விதி இதற்கும் உண்டு. ஆண்கள் சட்டைப்பையில் வைக்கிற பணப்பை 'வாலட்'. 'பர்ஸ்' என்றால் பிரிட்டனில் பெண்களின் சிறு பணப்பை, அமெரிக்காவில் பெண்களின் கைப்பை. கைக்குட்டை 'ஹேங்கர்ச்சீஃப்', ஏனென்றால் 'கர்ச்சீஃப்' என்பது தலையிலோ கழுத்திலோ கட்டுகிற துணி. 'ஸ்லிப்பர்ஸ்' வீட்டுக்குள் போடுகிற மென்மையான காலணி. வெளியே போட்டுப்போகிற வார்ச் செருப்பு 'சாண்டல்ஸ்', ரப்பர் செருப்பு 'ஃப்ளிப்-ஃப்ளாப்ஸ்'.

நகைகளில், காதோடு ஒட்டியிருக்கும் தோடு 'ஸ்டட்ஸ்', வளையம் 'ஹூப்ஸ்', தொங்குவது 'டிராப் இயரிங்ஸ்'. கட்டியான வட்ட வளையல் 'பேங்கிள்', வளைந்து கொடுக்கிற சங்கிலி போன்றது 'பிரேஸ்லெட்'. கழுத்தில் போடுவது பொதுவாக 'நெக்லஸ்', வெறும் சங்கிலி 'செயின்', அதில் தொங்குவது 'பெண்டன்ட்'. 'ஜுவல்ரி' எண்ணிக்கையில் வராது, 'ஜுவல்ரீஸ்' என்று பன்மையாக்க வேண்டாம். தலையில் போடுவதில், முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் 'கேப்', சுற்றிலும் விளிம்பு இருந்தால் 'ஹேட்'.

பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

'பேன்ட்ஸ்' என்ற சொல்லில்தான் முதலில். அமெரிக்காவில் அது வெளியே தெரிகிற கால்சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. இரண்டு இடத்திலும் 'ட்ரௌசர்ஸ்' என்றால் சிக்கலே இல்லை. 'வெஸ்ட்' பிரிட்டனில் நம் பனியன், அமெரிக்காவில் சூட்டோடு போடுகிற கையில்லாத மேல்சட்டை. அந்த மேல்சட்டைக்குப் பிரிட்டனில் 'வெய்ஸ்ட்கோட்'. 'ஜம்பர்' பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் உள்ளே சட்டை போட்டு அணிகிற கையில்லாத டிரஸ். கழுத்தில் சுற்றும் 'மஃப்ளர்' அமெரிக்காவில் பெரும்பாலும் வண்டியின் சைலன்ஸர், எனவே 'ஸ்கார்ஃப்' என்று சொல்லிவிடுங்கள். விளையாட்டுக் காலணி பிரிட்டனில் 'ட்ரெய்னர்ஸ்', அமெரிக்காவில் 'ஸ்னீக்கர்ஸ்'. ஆஸ்திரேலியாவில் ரப்பர் செருப்புக்கு 'தாங்ஸ்' என்பார்கள், மற்றப் பல நாடுகளில் அது ஒரு வகை உள்ளாடை.

நிறம், அளவு, துணி எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் எது முதலில் வர வேண்டும்?

நம் கருத்து முதலில், பிறகு அளவு, பழையதா புதியதா, வடிவம், நிறம், எந்த ஊருடையது, கடைசியில் எந்தப் பொருளால் ஆனது. 'எ லவ்லி லாங் ப்ளூ சில்க் ஸ்கார்ஃப்'. கோடு, கட்டம் போன்றவை நிறத்துக்குப் பின்னால், துணிக்கு முன்னால் வரும்: 'எ ப்ளூ ஸ்ட்ரைப்டு காட்டன் ஷர்ட்'.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து அவதிப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். தமிழில் இயல்பாக எப்படி வருகிறதோ அப்படியே சொல்லிப் பாருங்கள். 'அழகான நீளமான நீலப் பட்டுச் சால்வை' என்றுதான் நம் வாயில் வரும், 'பட்டு நீல நீளமான' என்று வராது. பெரும்பாலும் இரண்டு மொழியிலும் வரிசை ஒன்றாகவே அமைகிறது. ஒரே மூச்சில் மூன்று அடைமொழிக்கு மேல் அடுக்கவும் வேண்டாம்.

காணாமல் போன பையைப் பற்றி அதிகாரியிடம் சொல்ல வேண்டியிருந்தால் எப்படிச் சொல்வது?

மேலே சொன்ன வரிசையில் அளவு, நிறம், பொருள், பையின் வகை. பிறகு 'வித்' போட்டு அடையாளத்தைச் சேருங்கள்: 'எ ஸ்மால் பிளாக் லெதர் ஷோல்டர் பேக் வித் எ புரோக்கன் ஸிப்'. முதுகில் மாட்டுவது 'பேக்பேக்', உடம்புக்குக் குறுக்கே மாட்டுவது 'கிராஸ்பாடி பேக்', கையில் பிடிக்கிற சிறியது 'கிளட்ச்', துணிமணி வைக்கிற பெட்டி 'சூட்கேஸ்'. தோளில் மாட்டும் வார் 'ஸ்ட்ராப்', கையால் பிடிப்பது 'ஹேண்டில்'. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் தேடுபவர் வேறு பையைத் தேடுவார்.

ஆளை அடையாளம் சொல்வதற்கு 'இன்' பயன்படும்: 'த மேன் இன் எ கிரே சூட்', 'த வுமன் இன் ரெட்'. கண்ணாடி, கைப்பை போன்றவற்றுக்கு 'வித்' பொருந்தும்: 'த பாய் வித் கிளாஸஸ்'.

துவைத்ததும் சாயம் போய்விட்டது என்று கடையில் சொல்ல என்ன சொல்?

சாயம் எப்படிப் போனது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். துணி வெளுத்துவிட்டால் 'இட் ஃபேடட்'. சாயம் இறங்கி மற்றத் துணியில் ஒட்டிக்கொண்டால் 'த கலர் ரேன்'. சுருங்கினால் 'இட் ஷ்ராங்க்', தொளதொளத்தால் 'இட் ஸ்ட்ரெச்டு', கிழிந்தால் 'இட் டோர்', கறை படிந்தால் 'இட்ஸ் ஸ்டெயின்டு', கசங்கினால் 'இட்ஸ் க்ரீஸ்டு' அல்லது 'ரிங்கிள்டு'. தையல் விட்டுப்போனால் 'த சீம் கேம் அபார்ட்', பொத்தான் விழுந்தால் 'எ பட்டன் கேம் ஆஃப்'.

அழைப்பிதழில் 'பிளாக் டை' என்று போட்டிருந்தால் கறுப்பு டை கட்டினால் போதுமா?

போதாது. ஆண்களுக்கு அது ஒரு முழு உடை: கறுப்பு மாலைநேர ஜாக்கெட், வெள்ளைச் சட்டை, கறுப்பு 'போ டை'. அந்த ஜாக்கெட்டைப் பிரிட்டனில் 'டின்னர் ஜாக்கெட்' என்பார்கள். அமெரிக்காவில் இந்த உடைக்கு 'டக்ஸீடோ' என்று பெயர், நியூயார்க் மாநிலத்தின் டக்ஸீடோ பார்க்கிலிருந்து வந்தது. பெண்கள் நீண்ட கவுன் அல்லது அதற்கு இணையான உடை அணியலாம். 'ஒயிட் டை' இதைவிடவும் கண்டிப்பானது. 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றால் நேர்த்தியான சாதாரண உடை. காலர் வைத்த சட்டை போடலாம், டை தேவையில்லை. ஜீன்ஸ் போடலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அழைத்தவரைக் கேட்டுவிடுவதே மேல்.

உடை பற்றிய ஆங்கிலச் சொற்களில் நம் பக்கத்திலிருந்து போனவை உண்டா?

நிறைய. மேலே சொன்ன டின்னர் ஜாக்கெட்டோடு இடுப்பில் கட்டுகிற 'கம்மர்பண்ட்' பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாகப் போனது. இடுப்புக்கச்சை என்று பொருள். 'பைஜாமா'வும் அதே வழியில் போனதுதான். 'காக்கி' என்றால் மண் நிறம். 'பேங்கிள்', 'பந்தானா', 'டங்கரீஸ்' ஆகியவை இந்தி வழியாகச் சேர்ந்தவை. 'கேஷ்மியர்' காஷ்மீரிலிருந்தும், 'காலிகோ' கோழிக்கோட்டிலிருந்தும் வந்த பெயர்கள். 'மெட்ராஸ்' என்பதும் ஆங்கில அகராதியில் ஒரு துணியின் பெயர். மெல்லிய, பளிச்சென்ற கட்டம் போட்ட பருத்தித் துணி அது. சிறிய எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தால் ஊரைச் சொல்லவில்லை, துணியைச் சொல்கிறார்கள்.

ஒருவருடைய உடையைப் பாராட்ட நினைத்துத் தப்பாகச் சொல்லிவிடாமல் இருக்க என்ன செய்வது?

எளிமையாகச் சொல்லுங்கள். 'ஐ லைக் யுவர் ஷூஸ்', 'தட் கலர் சூட்ஸ் யூ', 'இட் லுக்ஸ் குட் ஆன் யூ', இந்த மூன்றும் எங்கேயும் செல்லும். 'யூ ஆர் லுக்கிங் பியூட்டிஃபுல்' என்பதைவிட 'யூ லுக் பியூட்டிஃபுல்' இயல்பானது.

'சீப்' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். மலிவாக வாங்கியதைப் புகழ நினைத்து 'இட் லுக்ஸ் சீப்' என்றால் மட்டமாகத் தெரிகிறது என்று அர்த்தமாகிவிடும். 'இட் வாஸ் எ குட் பை', 'கிரேட் வேல்யூ' என்று சொல்லலாம். உடம்பைப் பற்றிப் பேசாமல் உடையைப் பற்றி மட்டும் பேசுவதும் நல்லது. 'அந்த டிரஸ்ஸில் ஒல்லியாகத் தெரிகிறாய்' என்று நாம் அன்பாகச் சொல்வதை எல்லோரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. யாராவது உங்களைப் பாராட்டினால், 'இது பழசு', 'சும்மா வாங்கினது' என்று மறுக்காமல் 'தேங்க் யூ' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.